ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா? செங்கல்பட்டுச் சேரிக் கூரைகளின் கதை

2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 2012 அக்டோபர் 31 மாலை, நீலம் புயலும் இதே கரையில்தான் ஏறியது. இடையில் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா. புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் வருவதற்கு முன் வந்தவற்றைக் கணக்கில் எடுத்தால் பட்டியல் நீளும். எந்தப் புயலானாலும் மறுநாள் காலையில் நம் குடியிருப்புகளுக்குள் கேட்கும் பேச்சு ஒன்றுதான். "போன பக்கம் மட்டும் கீத்து வச்சு கட்டிக்கலாமா, மொத்தமா பிரிச்சுட்டு சீட்டு போட்டுரலாமா?" தொகுப்பு வீடாக இருந்தால் கேள்வி கொஞ்சம் மாறும். "கம்பி தெரியுற எடத்துல பூசிட்டா தாங்குமா, இடிச்சுட்டுத்தான் கட்டணுமா?"

பார்ப்பதற்கு இது கொத்தனாரும் ஆசாரியும் வந்து சொல்ல வேண்டிய பதில். கையில் எவ்வளவு காசு, மரம் எவ்வளவு உளுத்திருக்கிறது, அடுத்த மழைக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு முடிக்க வேண்டிய வீட்டுச் சமாச்சாரம். ஆனால் செங்கல்பட்டு வட்டாரத்தின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. சேரியின் கூரையை ஒட்டுப் போடுவதா மாற்றுவதா என்ற முடிவு, அந்தக் கூரையின் கீழ் படுத்தவர்கள் கையில் பெரும்பாலும் இருந்ததில்லை. கூரைக்குக் கீழே இருந்த மண் யாருடையதோ, அவர்களே முடிவு செய்தார்கள். நிவாரணக் கணக்கெடுப்புக்கு நோட்டும் கைப்பேசியுமாகக் கிளம்பும் இளம் தோழர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஏனென்றால் நிரப்பப்போகும் படிவத்தில் அந்தக் கதைதான் கட்டம் கட்டமாக அச்சாகியிருக்கிறது.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனவர்கள் ஐந்து ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிறியது, திரௌபதி ரதம் என்று அழைக்கப்படுவது. மகாபாரதத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. உள்ளே இருப்பது கொற்றவை. அதன் கூரையைக் கவனியுங்கள். நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் கீற்றுக் கூரை, அச்சு அசலாகக் கல்லில். 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் தங்கள் கண்முன் இருந்த குடிசையைப் பார்த்துத்தான் இதைச் செதுக்கியிருக்க வேண்டும். அந்தக் கல் குடிசைக்கு இன்று தொல்லியல் துறையின் வேலி, காவல், நுழைவுச்சீட்டு எல்லாம் உண்டு. 1984இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதற்கு மாதிரியாக இருந்த நிஜக் குடிசைகள் பனங்கையும் சவுக்குக் கழியும் கீற்றுமாக இன்னும் இந்தக் கரையில் இருக்கின்றன. இவற்றில்தான் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் கூரை பறக்கிறது.

ஏன் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதே கீற்று? வறுமை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். வறுமை உண்மைதான். ஆனால் அது பாதி பதில்.

செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த தொடக்க காலப் பகுதிகளில் ஒன்று. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி பெற்ற ஜாகிர் இது. இங்கே நிலம் மிராசு முறையில் இருந்தது. ஊரின் நிலம், தரிசு, நத்தம், ஏரித் தண்ணீர் எல்லாவற்றிலும் மிராசுதாரர்களுக்குப் பங்கு. பெரும்பாலும் வேளாளரும் பார்ப்பனரும். அந்தப் பங்கோடு சேர்ந்தே உழைக்கும் ஆட்களும் வந்தார்கள். 1810களில் எல்லிஸ் என்ற கம்பெனி அதிகாரி மிராசு உரிமை பற்றி விரிவாக எழுதிவைத்தார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் சொன்னாரே, அதே எல்லிஸ்தான். நிலத்தோடு கட்டப்பட்ட பறையர்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உண்டு. 1843இல் வந்த ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்றது. ஏட்டில் அடிமை போனான். சேரி நின்ற மண் மட்டும் மிராசுதாரரின் பிடியிலேயே இருந்தது.

இதை அரசு ஆவணமாகவே எழுதிவைத்தவர் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர். 1891இல் அவர் அனுப்பிய அறிக்கையை நம் இயக்கங்களில் எல்லாரும் பஞ்சமி நிலத்துக்காக மேற்கோள் காட்டுகிறோம். அது சரி. ஆனால் அதே அறிக்கை வீட்டுமனையைப் பற்றியும் பேசுகிறது என்பது நம் மேடைகளில் அதிகம் வருவதில்லை. பறையர் குடியிருக்கும் மனையே அவருக்குச் சொந்தமில்லை. கூலி அதிகம் கேட்டாலோ, வேறு ஆண்டையிடம் போனாலோ, தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து எழுதிப் போட்டாலோ, "வீட்டைக் காலி பண்ணு" என்ற ஒரு வார்த்தை போதும். தர்க்காஸ்து விதிகளும் மிராசுதாரருக்கே முன்னுரிமை கொடுத்தன. எனவே நிலமும் வாங்க முடியாது, மனையும் கிடையாது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மக்கள் இந்த நிலையில் இருந்தார்கள்.

இப்போது கூரைக்கு வாருங்கள். நாளைக்கே காலி செய்யச் சொல்லக்கூடிய மண்ணில் எவர் ஓடு போடுவார்? கீற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். மூங்கிலையும் பனங்கையையும் தோளில் தூக்கிப் போகலாம். செங்கல் சுவரையும் ஓட்டையும் எப்படித் தூக்குவது? கீற்றுக் கூரையை இரண்டு மூன்று மழைக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அதற்குத் தென்னை மரம் வேண்டும், பனை வேண்டும். அவையும் ஆண்டையின் தோப்பில்தான் நிற்கும். ஆக, கூரை பறந்த ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டாக வேண்டும், கேட்டதற்குக் கடன்பட்டாக வேண்டும், கடனுக்கு உழைத்தாக வேண்டும். நம் பார்வையில், சேரிக் கூரை காலங்காலமாக ஒட்டுப் போட்ட கூரையாகவே இருந்ததற்கு இந்த ஏற்பாடே முதல் காரணம். சீமை ஓடு இந்தியாவுக்குப் புதிதாக வந்த காலமும் அதுதான். 1865இலேயே மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிவிட்டது.

ஓடு போட முடியாதது ஒருபக்கம். போட்டால் பொறுக்காதது இன்னொரு பக்கம். தலைக்கு மேல் என்ன இருக்கலாம் என்பதில் சாதிக்கு எப்போதுமே ஒரு கண். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். சட்டை கூடாது, நகை கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் குடை பிடிக்கக் கூடாது என்பதும் ஒன்று. மழைக்குக் குடை! மறுவருடம் அந்தத் தடைகள் பதினொன்றாகப் பெருகின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். மரமேறும் சாதியினர் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டையும் அதே நூலில் குறிப்பிடுகிறார். இந்தத் தடைகள் வந்த நேரத்தில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அண்ணல் அம்பேத்கரோடு நமக்காகப் பேச அங்கே உட்கார்ந்திருந்தவர் ரெட்டமலை சீனிவாசன். அவர் பிறந்தது இதே செங்கல்பட்டு ஜில்லாவின் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் கிராமத்தில்.

திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் பிறந்த கதை தெரிந்ததுதான். முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையும் தெரிந்ததுதான். ஆனால் திரமென்ஹீர் கேட்டதில் எவ்வளவோ வெட்டப்பட்டது. வீட்டுமனைக்கு விடிவு அந்த ஆணையில் வரவில்லை. 1920இல் தொழிலாளர் ஆணையர் துறை வந்த பிறகுதான், நிலத்தை அரசு கையகப்படுத்தி ஆதிதிராவிடருக்கு மனை பிரித்துக் கொடுக்கும் வேலை ஓரளவு நடக்கத் தொடங்கியது. அதற்கும் மனை பெற்றவர்களிடமே தவணையில் காசு வசூலித்தார்கள்.

விடுதலைக்குப் பிறகும் இந்த முடிச்சு அவிழ அவசரப்படவில்லை. 1961இல் குடியிருப்புதாரரை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்தது. பாதுகாப்புதான், உடைமை இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அரைப்படி நெல் கூலி உயர்வும் செங்கொடியும் அதன் காரணங்கள் என்று நாம் சொல்கிறோம், சரியாகவே சொல்கிறோம். அந்த இரவில் தப்பி ஒளிய அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கூரை வீடு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகு மூன்றாண்டுகளுக்குள், தமிழ்நாடு குடியிருப்பு உடைமை வழங்கும் சட்டம், 1971ஆம் ஆண்டின் 40ஆம் சட்டம், நிறைவேறியது. 1971 ஜூன் 19 அன்று நிலவுடைமையாளரின் மண்ணில் வீடு கட்டிக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது சட்டம். இதை நில உச்சவரம்புக்குக் கீழே ஒரு அடிக்குறிப்பாகப் படிக்கிறோம். நம்மைக் கேட்டால், சேரிக் கூரையின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். அன்றுதான் முதன்முறையாகச் சட்டப்படி "நான் இங்கே ஓடு போடப்போகிறேன்" என்று சொல்லும் தகுதி வந்தது. காகிதத்தில் வந்த தகுதி கைக்கு வந்ததா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். உங்கள் ஊரில் 1971 சட்டப்படி பட்டா வாங்கியவர்கள் எத்தனை குடும்பம் என்று முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சட்டத்தின் பெயரையே கேள்விப்படாதவர்கள் இருப்பார்கள்.

அடுத்து வந்தது சிமென்ட். 1974இல் ஆதிதிராவிடர் வீட்டுவசதிக்கென்றே தாட்கோ தொடங்கப்பட்டது. 1978இல் ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு. 1985இல் ஒன்றிய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம். சேரி என்ற இடத்தில் 'காலனி' என்ற சொல் வந்து உட்கார்ந்ததும், 'தொகுப்பு வீடு' என்ற சொல் நம் பேச்சில் கலந்ததும் இந்தக் காலத்தில்தான். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே கான்கிரீட் தளம். கீற்றைப் பிரித்துக்கொண்டு ஓடத் தேவையில்லாத கூரை. அதை இழிவாகப் பேச எங்களுக்கு மனமில்லை. வெண்மணிக்குப் பிறகு, எரியாத கூரை என்பதே ஒரு அரசியல்.

ஆனால் அந்தத் தளங்கள் எப்படிப் போடப்பட்டன என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு மேலே போதுமான கனத்தில் கலவை மூடியிருக்க வேண்டும். மூடல் மெல்லியதாக இருந்தால், கடற்காற்றில் வரும் உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கீழ்ப்பக்கக் கலவை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். கலவையில் கழுவாத உப்பு மணல் சேர்ந்திருந்தால் வெளியே இருந்து உப்பு வரவே தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இருபுறமும் உள்ள பழைய காலனிகளில் தூங்குகிறவர்கள் மேல் சிமென்ட் பெயர்ந்து விழுவது இப்படித்தான். புயல் அதற்குக் கடைசித் தள்ளு, அவ்வளவுதான். வாரக்கணக்கில் தளத்தில் தேங்கும் தண்ணீர் மீதியைச் செய்கிறது.

கணக்கெடுக்கப் போகிறவர்கள் சின்ன விஷயம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு சிறு சுத்தியலால் உட்கூரையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் கலவை பிடிப்போடு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. ஓரிரு இடத்தில் மட்டும் அப்படி என்றால், துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, சரியான கலவையால் அடைத்து, மேல்தளத்தில் நீர்க்கசிவை நிறுத்தினால் அந்த வீடு பல வருடம் நிற்கும். பாதித் தளம் பொத்தென்று ஒலித்தாலோ, தளம் நடுவில் தொங்கியிருந்தாலோ, கம்பி விரலால் உதிரும் அளவுக்கு மெலிந்திருந்தாலோ, மேலே பூசும் சிமென்ட் வெறும் ஒப்பனை. ஆபத்தை மறைக்கும் ஒப்பனை. அந்தப் பூச்சுக்குத்தான் பெரும்பாலும் 'பழுதுபார்ப்பு' என்று பில் போடுகிறார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்கு வேறு கணக்கு. காற்று கூரையைத் தள்ளுவதில்லை, தூக்குகிறது. கீழே இருக்கும் மரச்சட்டம் உறுதியாக இருந்து, கொக்கி போல்ட்டு எல்லா வரிசையிலும் இருந்தால் சீட்டு நிற்கும். பொதுவாக இரண்டு வரிசைக்கு ஒன்று என்று மிச்சம் பிடித்திருப்பார்கள், ஓரச் சீட்டு முதலில் போகும், அதன் பின்னால் மற்றவை. உடைந்த சீட்டை அறுத்து ஒட்டுப் போடுவது மட்டும் வேண்டாம். அதன் தூளில் இருக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்த பொருள் அது. இங்கே இன்னும் சந்தையில் கிடைக்கிறது, ஏழைகளின் கூரையாக.

இவ்வளவும் தொழில்நுட்பம். முடிவு இதை வைத்து எடுக்கப்படுவதில்லை என்பதே நம் பிரச்சினை.

பேரிடர் நிவாரண நிதிக்கான விதிமுறையை எடுத்துப் படியுங்கள், எல்லாத் தோழர்களும் ஒருமுறையாவது படிக்க வேண்டிய தாள் அது. 2022 முதல் 2026 வரைக்கான விதிப்படி, சமவெளியில் முழுதாகச் சேதமடைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதத்துக்கு, அதாவது குறைந்தது 15 விழுக்காடு சேதத்துக்கு, உறுதியான வீடென்றால் 6,500 ரூபாய், உறுதியற்ற வீடென்றால் 4,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். குடிசை வரியில் ஒரு வினோதம் இருக்கிறது. மற்ற வீடுகளுக்கு 'முழுச் சேதம்', 'பகுதிச் சேதம்' என்று இரண்டு கட்டம். குடிசைக்கு அந்தப் பிரிவே கிடையாது. சேதமானாலும் அழிந்தே போனாலும் ஒரே தொகை. ஒட்டுப் போடுவதா மாற்றுவதா என்ற கேள்வியைக்கூட அந்தத் தாள் குடிசைக்குக் கேட்கவில்லை. மண்சுவர் வீடு ஒன்று அழிந்தால் 'வீடு' என்று எழுதப்பட்டால் 1,20,000. 'குடிசை' என்று எழுதப்பட்டால் 8,000. பதினைந்து மடங்கு வித்தியாசம். அதை எழுதுகிறவர் கிராம நிர்வாக அலுவலர். தமிழ்நாடு அரசு 2023 மிக்ஜாம் புயலின்போது குடிசைக்கான தொகையை 5,000இலிருந்து 8,000 ஆக உயர்த்தியது, 2024 ஃபெஞ்சலின்போது 10,000 ஆக்கியது. வரவேற்கிறோம். பத்தாயிரத்தில் கீற்றுத்தான் வேய முடியும். மறுபடியும் அடுத்த புயலுக்குக் கீற்று.

அதே தாளில் இன்னொரு நிபந்தனை. சேதமடைந்த வீடு, உரிய அதிகாரி சான்றளித்த 'அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக' இருக்க வேண்டும். இந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். மாமல்லபுரம் கரையில் இது வேறு இரண்டு சட்டங்களிலும் வரிசையாக வருகிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, கடலோரத்தின் கட்டுமானத் தடைப் பகுதியில், ஏற்கெனவே இருக்கும் 'அங்கீகரிக்கப்பட்ட' கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் அதே அளவில் திரும்பக் கட்டவும் இடம் தருகிறது. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தம் இன்னும் கறார். நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. 1992 ஜூன் 16க்கு முன்பிருந்தே இருக்கும் கட்டடத்தை அனுமதி பெற்றுப் பழுதுபார்க்கலாம். பழுதுபார்ப்பு என்றால் என்ன என்றும் சட்டம் சொல்கிறது: இருப்பதில் மாற்றம் செய்யலாம், கட்டுவதும் மறுகட்டுமானமும் அதில் சேராது. கல்லில் செதுக்கிய குடிசைக்குப் பக்கத்தில் நிஜக் குடிசை இருந்தால் அதை மாற்றிக் கட்ட முடியாது, ஒட்டுத்தான் போடலாம் என்று பொருள். அதுவும் 1992க்கு முன்பு இருந்தது என்று காட்டக் காகிதம் இருந்தால். இச்சட்டங்கள் சாதி பார்த்து எழுதப்பட்டவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஊரில் உள்ள எல்லாருக்கும் பொதுவானவை. ஆனால் முப்பது வருடப் பழைய வரி ரசீது எந்தத் தெருவில் பெட்டிக்குள் இருக்கும், எந்தத் தெருவில் அது எப்போதுமே தரப்பட்டதில்லை என்று நமக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தப் பிரிவினை இன்னும் வெளிப்படையாக வந்தது. 2005 மார்ச் 30 நாளிட்ட அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்களுக்கு ஒரு தெரிவைக் கொடுத்தது. அப்பால் போனால் அரசு புது வீடு கட்டித் தரும். போக மாட்டேன் என்றால் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. மீனவ மக்கள் அதைக் கடலைவிட்டுத் தங்களைத் துரத்தும் ஏற்பாடாகப் பார்த்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதே கடற்கரையில் கருவாடு சுமந்து, வலை இழுத்துக் கூலிக்குப் பிழைத்த தலித் குடும்பங்கள் பல இடங்களில் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. நிவாரணத்தில் அவர்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. பிழைப்பு போனது, கூரை போகவில்லை, அதனால் 'பாதிக்கப்பட்டவர்' இல்லை.

மண்ணைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் செங்கல்பட்டே சாட்சி. 1994இல் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், அந்த நிலத்தில் நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து மக்கள் திரண்டார்கள். அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இரு தோழர்கள் உயிரிழந்தார்கள். இன்றும் அக்டோபர் 10 நமக்கு அஞ்சலி நாள். நல்ல கூரை போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு தருமபுரி சாட்சி. 2012இல் நீலம் புயல் மாமல்லபுரத்தில் கரையேறிச் சரியாக ஏழாம் நாள், நவம்பர் 7, நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. வெளியூர் போய் உழைத்து, பல வருடமாகச் சிறுகச் சிறுகக் கட்டிய வீடுகள் அவை. குடிசை மட்டும்தான் எரியும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த நாள் ஒரு பாடம்.

2021 அக்டோபரில் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியில் நரிக்குறவர் பெண் ஒருவர் உட்கார மறுக்கப்பட்ட காணொளி எல்லாரும் பார்த்தது. அந்தத் தீபாவளியன்று, நவம்பர் 4, முதலமைச்சர் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார். ஒரு பந்தி மறுப்பு நாடு முழுக்கப் பேசப்பட்ட பிறகு கிடைத்த பட்டா! பட்டா வந்தால்தான் வீட்டுத் திட்டத்தில் பெயர் வரும், பெயர் வந்தால்தான் கூரையை மாற்றுவது பற்றிப் பேச்சே.

திட்டங்களின் வரலாறும் அதையே சொல்கிறது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் சுமார் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கப் புறப்பட்டது, வீட்டுக்கு 75,000 ரூபாய். 2011இல் ஆட்சி மாறியது, பசுமை வீடு வந்தது, 300 சதுர அடிக்கு 1,80,000. 2024இல் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடிக்கு 3,50,000. தொகை ஏறியிருக்கிறது, பெயர் மாறியிருக்கிறது, 'பட்டா வைத்திருப்பவர்' என்ற வரி மாறவில்லை. பழைய அரசு வீடுகளுக்கு 2024இல் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றும் வந்தது. 2001க்கு முன் கட்டிய 2.5 லட்சம் வீடுகளுக்கு 2,000 கோடி ரூபாய். வகுத்தால் வீட்டுக்குச் சராசரி 80,000. பழுதுபார்க்கவே முடியாதவற்றை இடித்துக் கட்ட 2025இல் இன்னொரு திட்டம்: 25,000 வீடுகளுக்கு 600 கோடி, வீட்டுக்கு 2,40,000. ஆக, 'ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா' என்பது இப்போது அரசின் இரண்டு தனித்தனிக் கணக்குத் தலைப்பு. ஒன்றில் 2.5 லட்சம் இடம், மற்றதில் 25,000 இடம். ஒரு வீடு எந்தப் பட்டியலில் விழுகிறது என்பதை ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்வார். அவர் வரும்போது வீட்டில் இருப்பது கூலி வேலைக்குப் போக முடியாத பாட்டி ஒருவர். "பூசிக் குடுத்தா போதும் சாமி" என்று அவர் சொன்னால் அதுவே விருப்பம் என்று பதிவாகும்.

நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறோம். அதில் கடினமான முடிச்சு ஒன்று உண்டு. கணக்கெடுக்க ஆள் வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். அதற்குள் மறுபடி மழை. குழந்தை நனைகிறது. அப்பன் கடன் வாங்கிக் கூரையை ஒட்டிவிடுகிறார். அதிகாரி வந்து அண்ணாந்து பார்க்கிறார், கூரை இருக்கிறது, 'சேதமில்லை' என்று எழுதுகிறார். ஒட்டுப் போட்டவருக்கு ஒட்டுப் போட்ட தண்டனை. சேதம் தெரிய வேண்டும் என்பதற்காகக் குழந்தையை மழையில் உட்கார வைக்க எவராலும் முடியாது, நாமும் சொல்ல மாட்டோம்.

அதனால், புயல் ஓய்ந்த அன்றே, தார்ப்பாய் கட்டும் முன்பே, ஒவ்வொரு வீட்டையும் படம் எடுங்கள். வீட்டுக்காரர் முகமும் கதவு எண்ணும் தெரியும்படி வெளியிலிருந்து ஒன்று, வானம் தெரியும்படி உள்ளிருந்து ஒன்று. சுவர் மண்ணா செங்கல்லா என்பது தெரிய வேண்டும். 'குடிசை' என்று எழுதவிடாமல் வாதாட அதுதான் உதவும். வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, பழைய ரேஷன் அட்டை, எதில் பழைய தேதி இருக்கிறதோ அதையும் சேர்த்துப் படம் எடுங்கள். வாங்கிய கீற்றுக்கும் சீட்டுக்கும் கடைக்காரரிடம் கையெழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கி வையுங்கள். தெருவுக்கு ஒரே மனுவாக எழுதி, வீட்டுக்கு ஒரு வரி வீதம் சேதத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்றும் வட்டாட்சியரிடம் ஒன்றும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பட்டா இல்லாத வீடுகளை விட்டுவிட்டுப் பட்டியல் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அவற்றையும் எழுதி, எத்தனை வருடமாக அங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள். திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். நிவாரண மனுவோடு மனைப் பட்டா மனுவையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வாருங்கள்.